குடும்பம் என்று சொல்லப்படுவது: ஒரு நண்டுக்கடையின் வரலாற்றை வாசித்தல்

இக்கட்டுரைக்கு ஒரு நண்டு ரின்தான் காரணம். சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை, மாதத்துக்கு ஒருமுறை கூடிப் புத்தகங்கள் பற்றிக் கதைக்கும் எமது சிறிய வட்டத்தில் ஒருவர், வரும் வழியில் சுப்பர்மார்க்கற்றில் வாங்கிய சாமான்களை மேசையில் இறக்கி வைத்தார். அவற்றோடு இந்த ரின்னும் வந்திருந்தது. குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கப்படுகிற வகை. திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நண்டுச் சதை. ஓடு இல்லை, கால் இல்லை, நண்டின் முகமே இல்லை. ரின்னின் முன்பக்கத்தில் ஒரு வெளிச்சவீடும் பாய்க்கப்பலும். மேரிலண்ட் முறையில் சமைப்பதற்கு உகந்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில், கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் தெரியக்கூடிய எழுத்தில், இலங்கை உற்பத்தி என்று இருந்தது.

அன்று பேசுவதாக இருந்த நாவல் மூடியபடியே கிடந்தது. இலங்கையில் இந்த நீலக்கால் நண்டு பெருமளவில் பிடிபடுவது பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும்தான். அப்படியானால் இது எமது கடலின் நண்டு. அது எப்படி அமெரிக்கக் கரையொன்றின் பெயரைச் சூட்டிக்கொண்டு, நாம் அகதியாக வந்து குடியேறிய ஊரின் மேசைக்கு வந்து சேர்ந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் நாம் போய் நிற்கிற இடம் ஒரு குடும்பம் நடத்திய கடற்கரைச் சாப்பாட்டுக்கடை. அந்தக் கடையின் வரலாற்றை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்ப்பதே இங்கு எமது நோக்கம்.

*

கடற்கரை உணவகங்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் குடும்ப வரலாறு ஒரு தனி இலக்கிய வகை என்றே நாம் கருதுகிறோம். எமது விமர்சகர்கள் அதைக் கவனித்ததில்லை. ஆனால் எம்மில் பலர் நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் இத்தகைய உணவகங்களின் குசினியில் நின்று கோப்பை கழுவியவர்கள். கோப்பை கழுவப் போகும் வழியில், சுவரிலே சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த வரலாற்றை மொழி விளங்காத காலத்தில் படமாகவும், மொழி விளங்கிய பின் எழுத்தாகவும் வாசித்தவர்கள் நாம். ஆகவே இவ்வகை எழுத்துக்கு எங்களைப் போல நெருக்கமான வாசகர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

இவ்வகைக்கென்று ஒரு கட்டுக்கோப்பு உண்டு. முதலில் ஒரு பாட்டன், ஒரு படகு. பின்னர் ஒரு கொட்டில். முதற் கோடையில் கடை பிழைக்குமா என்ற பயம். பிறகு வாசலில் வரிசை. பாட்டியின் செய்முறை இன்றுவரை மாறவில்லை என்ற உறுதிமொழி. இறுதியில் மூன்றாந் தலைமுறை சிரித்துக்கொண்டு நிற்கும் வண்ணப்படம். மேசைக்காகக் காத்து நிற்பவர் வாசிப்பதற்கென்று எழுதப்படுவது இது. பசியோடு நிற்பவரிடம் நம்பிக்கையை உண்டாக்குவதே இதன் வேலை. பெரும்பாலும் இதில் பொய் இருப்பதில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவிலேதான் இதன் அரசியல் இருக்கிறது.

பிலிப்ஸ் குடும்பத்தின் கதையை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இவ்வகையின் அத்தனை குணங்களும் அதில் நிறைவாக இருப்பதும், அது எமது கடல்வரை நீண்டுவிட்டதும் ஆகும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலண்ட் மாநிலத்தில், செசப்பீக் விரிகுடாவின் ஓரமாக ஹூப்பர்ஸ் தீவு என்றொரு தாழ்ந்த சதுப்பு நிலம் உண்டு. எமது தீவுப்பகுதியைத் தெரிந்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்வது கடினமல்ல. பாலங்களால் கோர்க்கப்பட்ட சிறு நிலத்துண்டுகள். இரு பக்கமும் தண்ணீர். நண்டும் சிப்பியும்தான் வாழ்வு. அங்கே 1914இல் பிலிப்ஸ் குடும்பம் கடலுணவு பதனிட்டுப் பொதிசெய்யும் ஒரு தொழிலகத்தைத் தொடங்கியது. 1956இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த பிறைஸ் பிலிப்ஸும் அவருடைய மனைவி ஷேர்லியும், தீவில் மிஞ்சிய நண்டை விற்பதற்காக அத்திலாந்திக் கரையிலுள்ள ஓஷன் சிற்றி என்ற உல்லாசப் பட்டினத்தில் ஒரு சிறு கடை போட்டார்கள். உட்கார இடமில்லை, வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எமது பாசையில் சொன்னால் ஒரு வாடி. கோடை முடிந்ததும் கட்டிக்கொண்டு வீடு திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

அந்த வாடி அறை அறையாகச் சேர்ந்து பெரும் உணவகமாக வளர்ந்தது. 1980இல் பால்ரிமோர் நகரத்தின் பழைய துறைமுகத்தைப் புதுப்பித்து 'ஹார்பர்பிளேஸ்' என்ற கடைத்தொகுதி திறக்கப்பட்டபோது, அங்கும் அவர்கள் கடை திறந்தார்கள். பிறகு மற்ற நகரங்கள், விமான நிலையங்கள், உறைந்த கிறாப் கேக் விற்கும் தொழிற்சாலை. கிறாப் கேக் என்பது நண்டுச் சதையோடு முட்டை, பாண்தூள், மயோனைஸ், கடுகு கலந்து உருட்டிப் பொரிப்பது. எங்கள் கட்லற்றுக்குத் தூரத்துச் சொந்தம். சதை எவ்வளவு கூடுதலாகவும் தூள் எவ்வளவு குறைவாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு மதிப்பு.

இந்தக் கதையில் நாம் மதிக்கத்தக்கவை உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மிஞ்சிப்போன நண்டை வீசாமல் விற்க நினைத்தது ஒரு கடற்றொழில் குடும்பத்தின் புத்தி. கணவனும் மனைவியும் கடையில் நின்று உழைத்தது உண்மை. இதைப் படிக்கும்போது, வட்டிக்குப் பணமெடுத்து மூலைக்கடை திறந்து இரவு பகலாக நின்ற எமது ஆட்களின் முகங்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. எமது விமர்சனம் அந்த உழைப்பின் மீதல்ல. 'குடும்பம்' என்ற சொல் இக்கதையில் எதையெல்லாம் மூடி நிற்கிறது என்பதையே நாம் பார்க்கிறோம்.

*

முதலாவதாக, இக்கதையில் பாலம் இல்லை. 1952இல் செசப்பீக் விரிகுடாவுக்கு மேலாகப் பெரும் பாலமொன்றை மேரிலண்ட் மாநிலம் கட்டித் திறந்தது. அதற்குமுன் பால்ரிமோரிலிருந்தும் வோஷிங்ரனிலிருந்தும் கடற்கரைக்கு வருகிறவர்கள் காரை ஏற்றிக்கொண்டு போகும் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். பாலம் வந்து நான்கு வருடத்தில் கடை வருகிறது. கொட்டில் கடையாகவும் கடை கூடமாகவும் வளர்ந்ததற்கு பாட்டியின் கைப்பக்குவம் எவ்வளவு காரணமோ, அதேயளவுக்கு ஊர்ப்பணத்தில் போட்ட இந்தப் பாலமும் காரணம். ஆனால் பாலத்துக்குக் குடும்பப் படத்தில் இடமில்லை. தனிமனித முயற்சியின் காவியங்கள் எல்லாவற்றிலும் தெருவும் பாலமும் தண்ணீர்க் குழாயும் இப்படித்தான் காணாமற் போகின்றன.

இரண்டாவதாக, கைகள் இல்லை. நண்டு கடலிலிருந்து வருகிறது, மேசைக்குப் போகிறது; இடையில் நடப்பதுதான் உண்மையான வேலை. அவித்த நண்டின் மேலோட்டைக் கழற்றி, பஞ்சுபோன்ற செவுளை நீக்கி, கால்களை வெட்டி, சிறு கத்தியால் ஒவ்வொரு அறையாகத் திறந்து சதையைச் சிதறாமல் எடுக்க வேண்டும். நண்டின் கடைசிச் சோடிக் கால்கள் துடுப்புப்போலத் தட்டையானவை. அவற்றை அசைக்கின்ற தசைதான் நண்டிலேயே பெரியது. ஒரு நண்டில் இரண்டே இரண்டு கட்டிகள். உடையாத இக்கட்டிகளுக்கே சந்தையில் உச்ச விலை. உடைந்தால் விலை விழும். எனவே ஒரு பெண்ணின் விரல் நுனியில்தான் முழு வியாபாரமும் நிற்கிறது. கூலி நேரத்துக்கல்ல, எடுத்த இறைச்சியின் நிறைக்கு என்பது இத்தொழிலின் பழைய வழக்கம்.

இந்த விரல்கள் நெடுங்காலம் கறுப்பினப் பெண்களுடையவையாக இருந்தன. ஹூப்பர்ஸ் தீவு அமைந்திருக்கும் டோர்ச்செஸ்ரர் கவுண்ரி, ஹரியற் ரப்மன் அடிமையாகப் பிறந்த மண். நிலத்தில் அடிமை வேலை செய்தவர்களின் பேத்திகள் நண்டுத் தொழிலகங்களின் வாங்குகளில் உட்கார்ந்தார்கள். அதே கரையில், கிறிஸ்ஃபீல்ட் என்ற ஊரில், 1938இல் கூலி குறைக்கப்பட்டபோது இந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வெட்டிய கூலியைத் திரும்ப வாங்கினார்கள். அந்தக் கரையின் வீரக்கதை என்று ஒன்று எழுதப்படுமானால் அதுவும் அதில் ஒரு அத்தியாயம். எந்த உணவகத்தின் சுவரிலும் அதற்குச் சட்டம் போட்டு மாட்டியதை நாம் கண்டதில்லை.

1980களின் பிற்பகுதியிலிருந்து அந்த வாங்குகளில் மெக்சிக்கோப் பெண்கள் உட்காரத் தொடங்கினர். பருவகால வேலைக்கான விசாவில் வருகிறவர்கள். மேரிலண்டில் நண்டுக்காலம் சித்திரையில் தொடங்கிக் கார்த்திகையளவில் முடியும். அதுவரை வேலை, பிறகு ஊர். அந்த விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் விசாவும் போய்விடும். 'காட்' இல்லாத காலத்தில் ஒரு முதலாளியின் முகத்தைப் பார்த்து வாழ்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்பெண்களின் நிலை பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் சட்டத்துறையும் ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் 2010இல் விரிவான அறிக்கை வெளியிட்டன. 2018இல் அந்த விசாக்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தபோது, ஹூப்பர்ஸ் தீவின் தொழிலகங்கள் சில ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்தன. அவ்வருடம் பத்திரிகைகள் மேரிலண்ட் நண்டு என்ற பாரம்பரியம் ஆபத்தில் என்று எழுதின. அந்தப் பாரம்பரியம் யாருடைய விரல்களில் இருந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது எம்மைப் போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டியது. மேரிலண்ட் நண்டு என்றதும் அம்மாநில மக்களின் நாக்கில் எழும் சுவை 'ஓல்ட் பே' என்னும் மசாலாத்தூளின் சுவை. செலரி உப்பு, மிளகு, செத்தல் மிளகாய் எல்லாம் சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கஸ்ராவ் பிறூன் என்ற ஜேர்மன் யூதர். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்ட நாட்களில் பிடிக்கப்பட்டு, புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, விடுபட்டுக் குடும்பத்தோடு பால்ரிமோருக்கு ஓடிவந்தவர். மசாலா வியாபாரி, வரும்போது ஒரு சிறு அரைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார் என்பார்கள். இன்று எவராலும் பிரித்தெடுக்க முடியாத அளவுக்கு 'மண்ணின் சுவை' ஆகிவிட்ட ஒன்று, ஒரு அகதி வந்து இறங்கி அரைத்த தூள். ஊர்ச்சுவை என்பது ஆதியிலிருந்து அப்படியே இருப்பது என்று வாதிடுபவர்களுக்கு, அவர்கள் எந்த ஊராராக இருந்தாலும், இந்தத் தூளை ஒரு சிட்டிகை கொடுக்கலாம்.

பிறூனின் பெயர் நிலைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அவருக்கு ஒரு நிறுவனம் இருந்தது, விற்பதற்கு ஒரு செய்முறை இருந்தது. 1990இல் பெரிய மசாலா நிறுவனமான மக்கோர்மிக் அதை வாங்கியது. வாங்கில் இருந்து நண்டு உடைத்த பெண்ணிடம் இருந்தது விரல்களின் வேகம் மட்டுமே. அதை யாரும் வாங்கிப் பெயர் போட முடியாது. வரலாறு சொத்தைப் பின்தொடர்ந்து போகிற ஒன்றாக இருக்கும்வரை இப்படித்தான் இருக்கும்.

*

வேறு விதமாகவும் எழுதலாம் என்பதற்கு அதே விரிகுடாவிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. வில்லியம் வோர்னர் என்பவர் 1976இல் 'அழகிய நீச்சலாளர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அடுத்த வருடம் அதற்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. தலைப்பு நண்டின் அறிவியற் பெயரிலிருந்து வந்தது. 'கலினெக்ரெஸ் சபிடஸ்' என்று 1896இல் அதற்குப் பெயரிட்டவர் மேரி ராத்பன் என்ற பெண் விஞ்ஞானி. முதற்சொல்லுக்கு அழகாக நீந்துவது, இரண்டாவதற்குச் சுவையானது என்று பொருள். வோர்னர் நண்டின் பிறப்பு, இடப்பெயர்வு, ஓடு கழற்றல் என்பவற்றிலிருந்து தொடங்கி, அதைத் தேடி அதிகாலையில் போகும் மனிதர்களிடம் வருகிறார். தண்ணீரும் பருவமும் உழைப்பும் அதில் ஒன்றாக இருக்கின்றன. அந்த நூலையும் உணவகச் சுவரின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரே நண்டைப் பற்றி இரண்டு மனங்கள் எப்படி எழுதும் என்பது தெரியும்.

*

இனி ரின்னுக்கு வருவோம்.

செசப்பீக்கின் நண்டு குறையத் தொடங்கியது. 1990களிலும் பின்னரும் பிடிபாடு சரிந்து, 2008இல் அமெரிக்க அரசு அவ்விரிகுடாவின் நண்டுத் தொழில் நொடித்துப்போனதாக அறிவிக்கும் நிலை வந்தது. பண்ணைகளிலும் நகரங்களிலும் இருந்து வடிந்த அழுக்கு, கடலடிப் புற்படுகையின் அழிவு, அளவுக்கு மிஞ்சிய பிடிப்பு எல்லாமே காரணங்கள். பிலிப்ஸ் குடும்பத்தின் மகன் ஸ்ரீவ் பிலிப்ஸ் இதற்கு முன்பே வேறு வழி தேடினார். 1990களின் தொடக்கத்தில் தென்கிழக்காசியக் கடல்களில் வாழும் நீலக்கால் நண்டைத் தேடிப் போய், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் தொழிலகங்கள் அமைத்தார். அது செசப்பீக் நண்டின் அதே குடும்பம். உயிரியல் சொல்லும் குடும்பம். சதையை எடுத்து ரின்னில் அடைத்து, பாஸ்ரர் முறையில் சூடாக்கி, குளிரிலே வைத்துக் கப்பலேற்றினால் மாதக்கணக்கில் கெடாது. அமெரிக்காவில் இந்த இறைச்சிக்கு ஒரு பெரும் சந்தையைத் திறந்தவர்களுள் அவர்களே முன்னோடிகள்.

இதை அக்குடும்பம் ஒளிக்கவில்லை. தம் வரலாற்றின் பெருமைக்குரிய அத்தியாயமாகவே சொல்கிறது. எனினும் கதையின் இலக்கணம் இவ்விடத்தில் உடைகிறது. அதுவரை ஊர், கடல், பாட்டன் என்று மண்ணில் நின்ற கதை, இதற்குப் பிறகு 'முறை' என்ற சொல்லில் ஏறி நிற்கிறது. மேரிலண்ட் நண்டு மேரிலண்ட் முறை நண்டாகிறது. இடம் ஒரு செய்முறையாக மாறிவிட்டால் அதை எங்கும் கொண்டுபோகலாம். எந்தக் கடலின் நண்டுக்கும் அணிவிக்கலாம்.

உள்ளூர்த் தொழிலகங்கள் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டு நண்டிறைச்சியால் தாம் அழிவதாக அரசின் வர்த்தக ஆணைக்குழுவிடம் முறையிட்டன. 2000இல் அந்த முறையீடு தள்ளுபடியானது. 2012இல் மேரிலண்ட் மாநிலம், உண்மையான உள்ளூர் நண்டைப் பரிமாறும் கடைகளுக்கென்று ஒரு அடையாளச் சின்னத்தை ஏற்படுத்தியது. 2015இல் ஓஷியானா என்ற கடற் பாதுகாப்பு அமைப்பு, உள்ளூர் நண்டில் செய்ததாக விற்கப்பட்ட 90 கிறாப் கேக்குகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அவற்றில் 38 வீதமானவற்றில் இறக்குமதி நண்டு இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி கடைகளில் விற்கும் மீனுக்கு நாட்டின் பெயர் போடவேண்டும். உணவகத்தின் மெனுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே எமது ரின்னின் அடியில் இருந்த அந்தச் சின்ன எழுத்துக்கூட, உணவகத்துக் கோப்பையில் ஏறும்போது அழிந்துவிடும்.

*

அந்தச் சந்தையின் கயிறு ஒவ்வொரு கடலாக நீண்டு பாக்குநீரிணைக்கும் வந்தது. இந்தக் கடலின் கடந்த காலத்தை எமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் இறங்கத் தடை, இறங்கினால் நேவி. மயிலிட்டித் துறைமுகம் 1990இல் இருந்து 2017 வரை இராணுவத்திடம் இருந்தது. மன்னார்க் கரையின் முஸ்லிம் மீனவர்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். அது எம்மவர்களின் துப்பாக்கிகளால் நடந்தது. 2009இல் போர் முடிந்து தடைகள் தளர்ந்தபின் மீனவர் திரும்பினர். வலை போட்டார்கள். அவ்வலைகளை எதிர்க்கரையின் இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போயின. இதற்கிடையில் வடக்கில் நண்டிறைச்சித் தொழிற்சாலைகள் எழுந்தன.

அங்கே வாங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெள்ளை அங்கி, தலைமூடி, கையுறை, சிறு கத்தி. போரில் வீட்டுத் தலைவனை இழந்த பெண்கள் நிறைந்த மாவட்டங்கள் அவை. வேலை அவர்களுக்குத் தேவை, அது ஒரு ஆறுதல் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்ஃபீல்டின் கறுப்பினப் பெண், ஹூப்பர்ஸ் தீவின் மெக்சிக்கோப் பெண், எங்கள் கரையின் பெண் என்று இந்த வாங்கு ஒன்றுதான் நீண்டுகொண்டு போகிறது. உடையாத கட்டிகள் கப்பலேறிப் போகின்றன. அவற்றை எடுத்த விரலின் பெயர் எந்த மொழியிலும் எழுதப்படுவதில்லை.

இவ்விடத்தில் கோபப்படுவது எளிது. அன்று மேசையைச் சுற்றியிருந்த நாமும் கோபப்பட்டோம். எங்கள் நண்டை எடுத்துக்கொண்டு தங்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அப்போது எங்களுக்குள் இருந்த ஒரு பெண், குருநகர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், வழக்கமாக அதிகம் கதைக்காதவர், "எங்கட நண்டு எண்டு சொல்லுறியள் அண்ணை. உங்கட வீட்டில ஆர் நண்டு பிடிச்சது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இருக்கவில்லை.

*

இக்கட்டுரையின் மீதி அந்தக் கேள்விக்கு நாம் கொடுக்க முயலும் பதில்.

புலம்பெயர்ந்த எமது சஞ்சிகைகளில் இத்தனை வருடமாக வந்த நினைவுக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் சாப்பாடு இல்லாதது குறைவு. முருங்கையிலை போட்டு இறக்கிய நண்டுக் குழம்பு. நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ். பிலாவிலையைக் கோலி முற்றத்தில் வட்டமாக இருந்து குடித்தது. நாமும் எழுதியிருக்கிறோம். அவற்றைத் திருப்பி வாசித்தபோது, உணவகச் சுவரில் மாட்டியிருந்த வரலாற்றின் அதே கட்டுக்கோப்பு இங்கும் இருப்பதைக் கண்டு வெட்கப்பட்டோம். ஒரு பாட்டி. அவளுடைய கைப்பக்குவம். மாறாத செய்முறை. கூடியிருந்து சிரிக்கும் குடும்பம். நண்டு மட்டும் எங்கிருந்தோ தானாகவே சட்டிக்குள் வந்து விழுந்துவிடுகிறது.

அந்த நண்டைக் கடனீரேரியில் களங்கட்டி வைத்துப் பிடித்தவர் ஒருவர். கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வெயிலில் நடந்து வந்தவள் ஒருத்தி. எமது பழைய குறிப்பொன்றில் அவள் ஒரே ஒரு வரியில் வருகிறாள்: மீன்காரி என்று, பெயரில்லாமல், எங்கள் அம்மாவோடு விலை பேசிச் சண்டை பிடிப்பவளாக, சிரிப்புக்காக. அவள் படலைக்கு வெளியில் நின்றாள் என்பதையோ, ஏன் வெளியில் நின்றாள் என்பதையோ நாம் எழுதவில்லை. அவள் தண்ணீர் கேட்டபோது எந்தப் பாத்திரத்தில் கொடுத்தோம் என்பதையும் எழுதவில்லை. சாதி என்ற சொல்லை அரசியற் கட்டுரைகளில் தாராளமாகப் பாவித்த நாம், குழம்புச் சட்டியைப் பற்றி எழுதும்போது அதை மூடி வைத்துவிட்டோம்.

பிலிப்ஸ் குடும்பத்துக்காவது கடலோடு ஒரு தொழில் உறவு இருந்தது. மேரிலண்ட் என்று பெயர் போட அவர்களுக்கு உள்ள உரிமையைவிட, 'யாழ்ப்பாணத்து நண்டுக்கறி' என்று பெயர் போட எங்களில் பலருக்கு உள்ள உரிமை குறைவு. இன்று நாம் குடியேறிய நகரங்களில் அந்தப் பெயர் மெனுக்களில் இருக்கிறது. சில கடைகளில் சுவரிலே கதையும் வந்துவிட்டது. அம்மா, ஊர், கைப்பக்குவம். அந்தக் கடைகளின் குசினியில் நண்டு உடைத்துக் கழுவுகிறவர், அண்மையில் வந்து, காட் இன்னும் கிடைக்காத ஒரு பொடியன். முதலாளி எங்களவர்தான், கதையும் எங்களுடையதுதான். அந்தக் கதைக்குள் பொடியன் எப்போது வருவான்?

குடும்ப வரலாறுகளே எழுதக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. சொந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவர்களுக்கு அது ஒரு தேவை என்பது எமக்கும் தெரியும். நாம் கேட்பது, ஒரு சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர் அந்தச் சாப்பாடு வந்த வழியில் சிறிது தூரமாவது திரும்பி நடந்து பார்க்க வேண்டும் என்பதே. பாலத்தை யார் கட்டினார்கள், வாங்கில் யார் இருந்தார்கள், படலைக்கு வெளியில் யார் நின்றார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை நின்று கேட்டாலே எங்கள் நினைவுக் குறிப்புகளில் பாதி வேறு விதமாகிவிடும்.

குருநகர்த் தோழியிடம் இவ்விதழுக்கு எழுதித் தரும்படி கேட்டோம். தனது தாயார் இருபத்தைந்து வருடம் கூடை சுமந்தவர் என்றும், அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் வாங்கிவிட்டுக் காசு கொடாத வீடுகளின் பெயரையும் எழுத வேண்டிவரும், போடுவீர்களா என்றும் கேட்டார். போடுவோம் என்று சொல்லியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் எங்கள் வீடுகளும் இருக்கக்கூடும்.